கேடயத்தில் ‘விக்டர்’ என்று பொறிக்கலாமா?

கேள்வி: திருகோணமலைத் திருக்கடலூரில் எங்கள் விளையாட்டுக் கழகம் சித்திரைப் புத்தாண்டையொட்டி எட்டு அணிகளை வைத்துக் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்துகிறது. முதலிடக் கேடயத்தில் ‘வின்னர்’ என்று எல்லாரும்தான் போடுகிறார்கள், நாங்கள் ‘விக்டர்’ என்று போட்டால் எடுப்பாக இருக்கும் என்கிறார் செயலாளர். அகராதியில் இரண்டுக்கும் ‘வெற்றியாளர்’ என்றே இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா? தமிழில் என்ன பொறிப்பது?

பதில்:

தம்பி, கேடயக்காரருக்கு முற்பணம் கொடுத்திருப்பீர்கள். எழுத்து இன்னும் வெட்டவில்லை என்றால் ‘விக்டர்’ வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அது கெட்ட சொல் இல்லை, நல்ல மிடுக்கான சொல்தான். ஆனால் தனியே வந்து குந்தியிருக்கிற சொல் இல்லை. எதிரே தோற்றவன் ஒருவன் இருந்தால்தான் அதற்கு உயிர். கேடயத்தில் நீங்கள் காட்ட நினைப்பது எத்தனையாம் இடம் என்பதை. விக்டர் இடத்தைச் சொல்லாது, நடந்த சண்டையைச் சொல்லும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சான்றிதழ் அடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அச்சுக்கூடத்தில் ஒரு மாதிரி காட்டினார்கள். மேலே பொன் மையில் கொட்டை எழுத்தில் ‘விக்டர்’. கீழே பெயருக்குப் புள்ளிக்கோடு, அதற்குக் கீழே நிகழ்ச்சி, அதற்குக் கீழே இடம். பார்க்க அழகாய் இருந்தது. ஒப்பம் வைத்துக் கொடுத்துவிட்டேன். முதல் மூன்று இடங்களுக்கும் அதே தாள்தான்.

பரிசளிப்பு முடிந்த பின்னேரம் நீளம் பாய்தலில் இரண்டாம் இடம் எடுத்த பிள்ளையின் தகப்பன் வந்தார். கடலுக்குப் போகிறவர். சான்றிதழை இரண்டு கையாலும் பிடித்து, ஈரம் படாமல், என் மேசையில் வைத்தார்.

“சேர், இவன்ட பேர் விக்டர் இல்லையே. வேற பிள்ளைட தாள் மாறி வந்திட்டுதோ?”

விக்டர் என்றால் வென்றவன் என்று விளங்கப்படுத்தினேன். அவர் தாளை மறுபடி பார்த்தார்.

“அப்ப கீழ இரண்டாம் இடம் எண்டு கிடக்கு?”

எனக்குப் பதில் வரவில்லை. ஆங்கிலம் ஒரு எழுத்தும் படியாத மனிதர் நான் விட்ட இரண்டு பிழையையும் இரண்டு கேள்வியில் பிடித்துவிட்டார். எங்கள் ஊரில் விக்டர் என்பது முதலில் ஓர் ஆளின் பெயர். அடுத்தது, இரண்டாமிடத்து விக்டர் என்று உலகத்தில் ஒருவரும் கிடையாது.

பெயரிலிருந்தே தொடங்குவோம். திருகோணமலைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு விக்டர், ஒரு விக்டோரியா, ஒரு வின்சென்ட் இல்லாத வீடு குறைவு. மூன்றும் ஒரே வேர். இலத்தீனில் ‘வின்கெரே’ என்றால் வெல்லுதல். அதிலிருந்து வென்றவன் ‘விக்டர்’, வென்றவள் ‘விக்ட்ரிக்ஸ்’, வெற்றி ‘விக்டோரியா’, வென்றுகொண்டிருப்பவன் ‘வின்சென்ட்’. கோயில் பக்கம் வந்தால் விஜயன், ஜெயசீலன், ஜெயராணி. எழுத்தும் சமயமும் வேறு, ஆசை ஒன்றுதான். பழைய ஆட்கள் ‘விக்ரர்’ என்று எழுதுவார்கள், ‘டொக்ரர்’ மாதிரி. அதைப் பார்த்து இந்தியாவிலிருந்து வந்த ஒரு நண்பர் ‘விக்கிரமன் என்பதன் சுருக்கமா’ என்று கேட்டார். இல்லை, எங்கள் எழுத்து வழக்கம் அப்படி.

யூலியஸ் சீசர் கிறிஸ்துவுக்கு முன் 47இல் ஒரு சண்டையை விரைவாக முடித்துவிட்டு ‘வந்தேன், பார்த்தேன், வென்றேன்’ என்று மூன்றே சொல்லில் சொன்னாரே, அந்த மூன்றாவது சொல் இந்த வேரில் பிறந்தது. வெல்ல முடியாதவரைச் சொல்லும் ‘இன்வின்சிபிள்’, வாதத்தால் ஒருவரை மடக்கி இணங்கவைக்கிற ‘கன்வின்ஸ்’, குற்றவாளி என்று தீர்க்கிற ‘கன்விக்ட்’, வீட்டைவிட்டு எழுப்புகிற ‘எவிக்ட்’, எல்லாம் உடன்பிறப்புகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. ‘கன்வின்ஸ்’ என்ற சாதுவான சொல்லுக்குள்ளும் ஒருவர் தோற்றுப்போய் இருக்கிறார், கவனித்தீர்களா? பிள்ளைகள் ‘விக்டிம்’ என்பதையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடுவார்கள். அது வேறு சொல். பலி கொடுக்கிற மிருகத்துக்கு இலத்தீனில் இருந்த பெயரிலிருந்து வந்தது. ஓசை ஒத்துப்போனதால் வந்த குழப்பம்.

‘வின்னர்’ வேறு வீட்டுப் பிள்ளை. அது பழைய ஆங்கிலச் சொல். அதன் வேர்வினைக்குப் பாடுபடுதல், மல்லுக்கட்டுதல் என்று பொருள். பாடுபட்டு ஒன்றைக் கையில் எடுத்தவர் வின்னர். ஆகவே அந்தச் சொல்லின் கண் கிடைத்த பொருளில் இருக்கும். விக்டரின் கண் விழுந்துபோன ஆளில் இருக்கும். வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கிற சோதனை இதுதான்: வின்னர் என்றால் ‘எதை?’ என்று கேளுங்கள், விக்டர் என்றால் ‘ஆரை?’ என்று கேளுங்கள். பதில் வந்தால் சொல் பொருந்தும்.

லொத்தர் சீட்டில் பணம் விழுந்தவர் வின்னர். எதை? பணத்தை. அவரை விக்டர் என்று சொன்னால் ஆரை வென்றார்? சீட்டு விற்ற கிழவரையா? புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளையும் விக்டர் இல்லை. அந்தப் பிள்ளை யாரோடும் சண்டைக்குப் போகவில்லை, கணக்கோடு மட்டும் போனது. ஒவ்வொரு வருடமும் பெறுபேறு வந்தவுடன் சந்திக்குச் சந்தி பதாகை கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஆனால் தேர்தலில் வென்றவரை ஆங்கிலப் பத்திரிகைகள் தாராளமாக விக்டர் என்று எழுதும். எதிரே தோற்ற வேட்பாளர் இருக்கிறார் அல்லவா. தலைப்பில் இடம் மிச்சம் என்பதும் ஒரு காரணம். குத்துச்சண்டை, சதுரங்கம், வழக்கு, வாக்குவாதம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க நீங்கள் வேறு ஊருக்குப் போகத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை கோணேசர் கோவிலுக்கு ஏறும்போது பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டித்தானே போகிறீர்கள். அந்த வாசல் ஒன்றே போதும். 1620களில் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், கோவிலை இடித்து அந்தக் கல்லையும் எடுத்துக் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து அதைப் பிடித்தார்கள். 1782 தையில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அதே வருடம் ஆவணிக் கடைசியில் சுஃப்ரன் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் வந்து ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் பாடத்துக்கான சங்கதி வருகிறது. கோட்டை விழுந்து சில நாள்தான், செப்டம்பர் 3ஆம் தேதி ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஹியூஸ் தன் கப்பல்களோடு வந்து சேர்ந்தார். எங்கள் கடலுக்கு வெளியே பின்னேரம் முழுக்கப் பீரங்கிச் சண்டை. பிரெஞ்சுத் தலைமைக் கப்பலின் நடுப் பாய்மரமே முறிந்து விழுந்தது. ஆனால் இரண்டு பக்கத்திலும் ஒரு கப்பலும் அந்தச் சண்டையில் மூழ்கவில்லை, பிடிபடவும் இல்லை. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார், சுஃப்ரன் துறைமுகத்துக்குள் வந்தார். விக்டர் யார்? ஒருவரும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஆங்கிலத்தில் ‘தெயார் வோஸ் நோ கிளியர் விக்டர்’ என்பார்கள், தெளிவாக வென்றவர் எவரும் இல்லை என்று. இந்தச் சொல் அதிகம் புழங்கும் வாக்கியங்களில் அதுவும் ஒன்று. விக்டர் இல்லை என்று சொல்வதற்காகவே பல வேளை விக்டரைக் கூப்பிடுகிறார்கள்.

இனி 1783. ஐரோப்பாவில் சமாதானம் பேசினார்கள். பிரெஞ்சுக்காரர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஒல்லாந்தர் அந்தக் கோட்டைக்காக அந்த வருடம் இங்கே ஒரு குண்டும் சுடவில்லை. சும்மா இருந்தவன் கையில் சோறு விழுந்த கதை. அவர்களை வின்னர் என்று சொல்லலாம், ஏனென்றால் முடிவில் பொருள் அவர்கள் கையில். விக்டர் என்று சொல்லவே முடியாது. விக்டர் இல்லாமல் வின்னர் இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பாடப்புத்தகங்களில் இருக்கிற ஓட்டப்பந்தய உதாரணங்களை நான் விட்டுவிட்டதற்கு இதுதான் காரணம். 1795இல் ஆங்கிலேயர் திரும்ப வந்து பிடித்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் அவர்களுடைய கடற்படைத் தளம் 1957 வரை இங்கேதான் இருந்தது.

கோட்டைக்குள் மான் மேயும் பக்கத்தில் வெல்லஸ்லி என்ற பெயரில் ஒரு பழைய வீடு இருக்கிறதே, அந்தப் பெயருக்குரிய ஆர்தர் வெல்லஸ்லி 1800 கடைசியிலும் 1801 தொடக்கத்திலும் படை சேர்த்துக்கொண்டு இந்த ஊரில் இருந்தவர். பின்னாளில் வெலிங்டன் கோமகன் ஆனார். 1815 யூன் 18இல் வோட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தார். அதனால் ஆங்கிலத்தில் அவருக்கு நிலைத்த அடைமொழி ‘த விக்டர் ஒஃப் வோட்டர்லூ’. இங்கே ‘வின்னர்’ என்று மாற்றிப் பாருங்கள். வோட்டர்லூவில் ஏதோ சைக்கிள் பரிசு விழுந்தவர் மாதிரி இருக்கும். அதே மனிதர் அந்தப் போர் முடிந்தபின் எழுதிய கடிதத்தில், தோற்ற போரைத் தவிர வேறெதுவும் வென்ற போரின் பாதித் துயரத்துக்குக்கூட வராது என்ற கருத்தில் எழுதினார். விக்டருக்கும் வின்னருக்கும் நடுவில் இருக்கிற எடை வித்தியாசம் அதற்குள் இருக்கிறது. வின்னர் சிரிக்கலாம். விக்டர் எப்போதும் சிரிக்கிற ஆள் இல்லை.

சேர்ந்து வரும் சொற்களையும் சொல்லிவிடுகிறேன், சோதனைக்கு எழுதுகிற பிள்ளைகளுக்கு உதவும். போரோ போட்டியோ என்றால் ‘விக்டர் ஒஃப்’ அல்லது ‘விக்டர் இன்’. தோற்ற ஆளைச் சொல்வதானால் ‘விக்டர் ஓவர்’. ‘இமேர்ஜ்’ என்ற வினையோடு நிறைய வரும்: இழுபறிக்குப் பிறகு இன்னார் விக்டராக வெளிப்பட்டார் என்று. பன்மையில் ‘விக்டர்ஸ்’, அதன் சோடி ‘வாங்குவிஷ்ட்’, வெல்லப்பட்டவர்கள். அணி என்ற சொல்லுக்கு முன்னால் அடைமொழியாகப் போட்டு ‘விக்டர் ரீம்’ என்று எழுதுவது எங்கள் பக்கத்து அறிவித்தல்களில் மட்டும் பார்க்கிற பிழை. அங்கே ‘வின்னிங் ரீம்’ அல்லது ‘விக்டோரியஸ் ரீம்’.

உங்கள் செயலாளரிடம் இதையும் கேளுங்கள்: முதலாம் கேடயத்தில் விக்டர் என்று போட்டால் இரண்டாம் கேடயத்தில் அதன் சோடிச் சொல்லான ‘வாங்குவிஷ்ட்’ என்று போடுவாரா? அதை எந்த அணித் தலைவர் மேடைக்கு வந்து வாங்குவார்?

இரண்டு பழமொழிகளில் இந்தச் சொல் நிலைத்திருக்கிறது. ஒன்று, விக்டருக்கே கொள்ளைப்பொருள் சொந்தம் என்பது. 1832இல் அமெரிக்க செனற் சபையில் வில்லியம் மார்சி என்பவர் பேசிய பேச்சிலிருந்து பரவியது. தேர்தலில் வென்ற கட்சி அரச வேலைகளைத் தன் ஆட்களுக்குக் கொடுப்பதை நியாயப்படுத்திச் சொன்னது. எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதில் வரும் ‘ஸ்பொயில்ஸ்’ என்ற சொல் மிருகத்திலிருந்து உரித்த தோலுக்கான இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். செத்தவனிடமிருந்து உரிந்தெடுத்தது என்று அர்த்தம்.

மற்றது, வரலாற்றை எழுதுகிறவர்கள் விக்டர்கள்தான் என்பது. இதை ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் முழுதாக நம்புவதில்லை. நம்பாததற்குக் காரணமும் அதே கோட்டை வாசலில்தான் இருக்கிறது. உள்ளே போகும்போது வாசல் நிலைக்கல்லைப் பாருங்கள். இரண்டு மீன் சின்னமும் தேய்ந்துபோன தமிழ் எழுத்தும் தெரியும். முன்னே குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்று தொடங்குவதாகப் படிக்கப்படும் கல்வெட்டு அது. குளக்கோட்டன் என்பவர் கோணேசர் கோவிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் பழைய அரசன். வென்றவன் கோட்டை கட்ட எடுத்த கல்லில் தோற்றவனின் எழுத்து ஏறி நிற்கிறது. அவனே அதைத் தன் வாசலிலும் வைத்துப் பூசிவிட்டுப் போனான். மாலையில் வெயில் சாய்ந்து வரும்போதுதான் எழுத்தின் குழி கொஞ்சம் தெரியும். நடுப்பகலில் போனால் வெறும் கல்.

துறைமுகத்தில் வேலை செய்கிற யாரையும் கேட்டால் விக்டருக்கு இன்னொரு பொருளும் சொல்வார்கள். வானொலியில் எழுத்துக்கூட்டும்போது ‘பி’யும் ‘வி’யும் காதில் குழம்பும். அதனால் ‘வி’ எழுத்துக்கு ‘விக்டர்’ என்று சொல்ல வேண்டும், ‘ஏ’க்கு ‘அல்பா’, ‘பி’க்கு ‘பிராவோ’ போல. அதே எழுத்துக்குக் கப்பலில் ஒரு கொடியும் உண்டு. வெள்ளைத் துணியில் மூலைக்கு மூலை சிவப்புப் பெருக்கல் குறி. அந்த விக்டர் கொடியைத் தனியே ஏற்றினால் சர்வதேசச் சைகை முறையில் என்ன பொருள் தெரியுமா? ‘எனக்கு உதவி வேண்டும்.’ வென்றவன் பெயரைச் சொல்லும் கொடி உதவி கேட்கிறது! உவர்மலையில் என் வீட்டுக்கு வருகிற ஓய்வுபெற்ற துறைமுகத்துக்காரர் ஒருவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டு விரலை விரித்துக் காட்டுகிற வெற்றிச் சைகையிலும் ஒரு விக்டர் ஒளிந்திருக்கிறார். 1941 தையில் பிபிசி வானொலியில் பெல்ஜிய மக்களுக்கு, ‘வி’ எழுத்தை எங்கும் எழுதுங்கள் என்று சொன்ன பெல்ஜிய அரசியல்வாதியின் பெயர் விக்டர் டி லாவ்லே. பிரெஞ்சில் வெற்றிக்கும், அவர்கள் நாட்டின் மற்ற மொழியில் சுதந்திரத்துக்கும் அதே எழுத்துத்தான் முதல். சேர்ச்சில் அதைக் கையில் எடுத்து உலகப் புகழாக்கினார். பெயர் பொருத்தம் தற்செயல்தான் என்றாலும் எனக்கு அது பிடிக்கும்.

அப்படியானால் விளையாட்டுப் பரிசில் பொறிக்க விக்டர் என்ற சொல்லுக்கு இடமே இல்லையா? ஒரே ஓர் இடம் உண்டு. பிரித்தானிய முறைப் பாடசாலைகளில் தடகளப் போட்டியில் கூடிய புள்ளி எடுத்த மாணவனுக்கு ‘விக்டர் லூடோரம்’ என்று ஒரு கிண்ணம் கொடுப்பார்கள். ‘விளையாட்டுகளை வென்றவன்’ என்று இலத்தீன். மாணவிக்கு ‘விக்ட்ரிக்ஸ் லூடோரம்’. அது முழுத் தொடராக வந்தால்தான் சரி. முதற்சொல்லை மட்டும் கிள்ளி எடுத்தால் என் சான்றிதழ் மாதிரித்தான் முடியும். உங்கள் செயலாளர் எங்கேயோ பழைய கிண்ணம் ஒன்றில் இதைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு வேண்டிய சொல் ‘சம்பியன்’. இதற்கும் ஒரு கதை உண்டு. இலத்தீனில் ‘கம்புஸ்’ என்றால் வெளி, மைதானம். மைதானத்தில் இறங்குகிறவன் சம்பியன். ஆரம்பத்தில் அவன் தனக்காகச் சண்டை பிடிக்கிறவன்கூட இல்லை. முன்பு ஐரோப்பாவில் சில வழக்குகளை ஆளுக்கு ஆள் மோதவிட்டுத் தீர்த்தார்கள். மோத முடியாத பெண்ணுக்கும் முதியவருக்கும் பாதிரியாருக்கும் பதிலாக இறங்குகிறவன்தான் சம்பியன். இங்கிலாந்தில் அரசனுக்கே ஒரு சம்பியன் இருந்தான். முடிசூட்டு விருந்தில் கவசத்தோடு குதிரையில் வந்து, அரசனை மறுப்பவர் யாரும் உண்டா என்று கையுறையைக் கழற்றி எறிவான். கடைசியாக அது நடந்தது 1821இல், நான்காம் ஜோர்ஜுக்கு. ஒருவருடைய உரிமைக்காக வாதாடுவதை ஆங்கிலத்தில் இன்றைக்கும் ‘சம்பியன்’ என்று வினையாகச் சொல்வது அந்தப் பழைய பொருள்தான். விக்டரை அப்படி வினையாக்க முடியாது.

விளையாட்டில் சம்பியன் என்றால் ஓர் ஆட்டத்தை அல்ல, முழுத் தொடரையும் வென்றவர். உங்கள் எட்டு அணிகளில் முதல் சுற்றிலேயே நான்கு வின்னர் வந்துவிடுவார்கள். கடைசியில் சம்பியன் ஒன்றுதான். அதனால் கேடயத்தில் ‘வின்னர்’ என்பதைவிடவும் ‘சம்பியன்ஸ்’ துல்லியம். அணி என்பதால் ஆங்கிலத்தில் பன்மையாகவே போடலாம். ‘கொன்கரர்’ என்றும் ஒரு சொல் இருக்கிறது. அது நாடு பிடித்தவனுக்கு, 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மாதிரி. கரப்பந்தாட்டத்தில் யாரும் காணி பிடிப்பதில்லை.

தமிழுக்கு வருவோம். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் ‘வெல்’ என்ற வினை ஆங்கில ‘வின்’னைவிட இலத்தீன் ‘வின்கெரே’க்குத்தான் கிட்ட. ‘அவனை வென்றான்’, ‘பகையை வென்றான்’, ‘புலனை வென்றான்’. எப்போதும் எதிரே ஒருவர் அல்லது ஒன்று. ‘பரிசை வென்றார்’, ‘கிண்ணத்தை வென்றது’ என்பதெல்லாம் ஆங்கிலச் செய்தியை அவசரத்தில் தமிழாக்கியதில் வந்து ஒட்டிக்கொண்டவை. கிண்ணம் என்ன எதிரியா வெல்வதற்கு? பரிசு பெற்றார், முதற்பரிசு எடுத்தார் என்றுதான் வீட்டில் பேசுகிறோம். எங்கள் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் ‘கிண்ணத்தைச் சுவீகரித்தது’ என்று எழுதுவார்கள். பிள்ளையைச் சுவீகாரம் எடுப்பது போல இருந்தாலும் அது பிழையில்லை, பழகியும்விட்டது. இந்தியப் பத்திரிகைகளில் இதையே ‘கோப்பையைக் கைப்பற்றியது’ என்பார்கள், ‘சாம்பியன்’ என்று நெடிலும் போடுவார்கள். எங்களுக்குச் ‘சம்பியன்’, ‘கிண்ணம்’. உங்கள் கேடயம் திருக்கடலூரில் நிற்கப் போகிறது, ஆகவே குறிலே போடுங்கள்.

‘வெற்றியாளர்’ என்ற அகராதிச் சொல் பிழையில்லை, ஆனால் உப்பில்லாத சொல். மைதானத்தில் யாரும் அதைச் சொல்லிக் கத்தியதை நான் கேட்டதில்லை. “ஆர் வெண்டது?” என்றுதான் கேட்கிறோம். அழகான சொல் வேண்டுமென்றால் வாகை இருக்கிறது. பழைய போர்முறையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூ: ஆநிரை கவர வெட்சி, மதிலை வளைக்க உழிஞை, நேருக்கு நேர் மோதத் தும்பை, வென்றபின் வாகை. எங்கள் கோட்டையைச் சுற்றி எத்தனை உழிஞை நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் தொல்காப்பியம் வாகையைப் போர்க்களத்தோடு நிறுத்தவில்லை. அரசன் தன் தொழிலில், உழவன் தன் தொழிலில், ஓதுகிறவன் ஓதுவதில், அவரவர் தத்தம் துறையில் மற்றவரை மிஞ்சி நிற்பதெல்லாம் வாகைதான் என்கிறது. யாரையும் வீழ்த்தாமலும் வாகை சூடலாம். அதனால் புலமைப்பரிசில் பிள்ளைக்கு விக்டர் பொருந்தாது, வாகை பொருந்தும். விக்டரும் வின்னரும் பிரிந்து நிற்கிற இடத்தில் எங்களுக்கு இரண்டையும் அணைக்கிற ஒரு பூ இருக்கிறது. நாங்கள் அதைத் தேர்தல் சுவரொட்டிக்குக் கொடுத்துவிட்டு ‘வெற்றியாளர்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வாகைப் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? சவர்க்காரம் போடுகிற தூரிகை மாதிரி மெல்லிய இழைகள், வெளிறிய பச்சை கலந்த மஞ்சள், கிட்டப் போனால் நல்ல மணம். காய் முற்றிக் காய்ந்தால் காற்றுக்குக் கலகலவென்று சத்தம் போடும். மாலையாகக் கட்டினால் மேடை ஏறும் முன்னே வாடிவிடும், அதனால் உண்மையான பூவைத் தேடிப் போகவேண்டாம். எழுத்தில் மட்டும் இருக்கட்டும்.

ஆகவே முதலாம் கேடயத்தில் பெரிய எழுத்தில் ‘சம்பியன்’. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘வாகை சூடிய அணி’ என்று போட்டால் செயலாளர் கேட்ட எடுப்பும் வந்துவிடும். இரண்டாவதில் ‘இரண்டாமிடம்’, வேறொன்றும் வேண்டாம். தனித்திறமைக் கேடயங்கள் இருந்தால் ‘சிறந்த ஆட்டக்காரர்’. ஆங்கிலத்திலும் ஒரு வரி வேண்டும் என்று கழகத்தில் யாராவது பிடிவாதம் பிடித்தால் முதலாவதில் ‘சம்பியன்ஸ்’, இரண்டாவதில் ‘ரன்னர்ஸ் அப்’. பன்மைக் குறியான ‘எஸ்’ எழுத்து ‘ரன்னர்’ என்ற சொல்லின் கடைசியில் வரவேண்டும், ‘அப்’ என்பதன் கடைசியில் அல்ல. கேடயக்காரர்கள் பத்தில் ஒன்பது தடவை இதை மாற்றித்தான் வெட்டுவார்கள், ஆகவே மாதிரியைத் தாளில் எழுதி வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு ஒப்பம் வையுங்கள்.